எம்டன்: சொல் விளக்கம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் "அவன் சரியான எம்டன்பா" என்றால் பாதி வசவு, பாதி பாராட்டு. ஆள் தந்திரக்காரன், எந்தப் பக்கம் வருவான் என்று தெரியாது, லேசில் மாட்டவும் மாட்டான் என்று பொருள். பிள்ளைகள் அப்பாவை எம்டன் என்று சொன்னால் தந்திரம் கழன்றுபோய் கெடுபிடியும் பயமும் மட்டும் மிஞ்சும். மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் பிரம்மாண்டமானது. மூலம் ஒன்றுதான், ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டோம்.

எமனிலிருந்து வந்த சொல் என்று சிலர் விளக்குவார்கள். ஒலி ஒத்துப்போகிறது, உறவு கிடையாது. ஆனால் எமன், எத்தன் என்ற சொற்களின் சாயலும் 'அன்' விகுதியும் இருந்ததால்தான் இந்த அயற்சொல் இவ்வளவு சுலபமாக ஆளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஜெர்மனியின் வடமேற்கில் எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்துத் துறைமுக ஊர் எம்டன். 1908-இல் நீரில் இறக்கிய போர்க்கப்பலுக்கு அந்த ஊரின் பெயரை வைத்தார்கள். 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, புகைபோக்கிகள் மூன்று.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்குகள் அணைக்கப்படவில்லை. குறி பார்க்க அது போதும். சுமார் 3,000 கஜ தூரத்திலிருந்து அரை மணி நேரம், ஏறத்தாழ 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்து மூன்றரை லட்சம் கேலன் அளவுக்கு மண்ணெண்ணெய் போனது. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் இருந்தவர்கள் உட்பட ஐந்து பேராவது இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் கப்பலில் ஒன்றும் படவில்லை. மறுநாளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறி ஊரைக் காலி செய்தார்கள். உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாரிமுனை நெரிசலில் யாரும் நின்று படிப்பதில்லை.

சரி, ஜெர்மன் கப்பலுக்கும் சென்னைக்கும் என்ன பகை? நேரடியாக எதுவும் இல்லை. போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஜூன் 28 அன்று ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுடப்பட்டதற்கும் இங்கே குண்டு விழுந்ததற்கும் இடையே 86 நாட்கள். கூட்டணிகள் சங்கிலியாக இழுத்துவிட்டன என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ஒப்பந்தங்களின் வாசகம் அப்படி இல்லை. ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1879-இல் செய்த உடன்படிக்கை, ரஷ்யா தாக்கினால் துணைக்கு வருவதைப் பற்றியது. 1914-இல், இளவரசர் கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி அதன் மீது பாய்ந்தது ஆஸ்திரியா. ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையில்லாமல் துணை நிற்பதாக ஜூலை 5, 6 தேதிகளில் பெர்லின் கொடுத்த வாக்கு உடன்படிக்கைக்கு மேற்பட்டது. 1882-இல் அவர்களோடு சேர்ந்த இத்தாலி, இது தற்காப்புப் போர் இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. 1915-இல் எதிரணிக்கே போனது. பிரிட்டன் 1904-இல் பிரான்சோடும் 1907-இல் ரஷ்யாவோடும் செய்துகொண்டவை காலனித் தகராறுகளைத் தீர்த்த இணக்கங்கள். சேர்ந்து போரிட வேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை.

ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தை நிரப்பியது தேசியவாதம். செர்பியர், குரோவேசியர் போன்ற தெற்கு ஸ்லாவியர் ஒரே நாடாக வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தால், பத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கட்டி வைத்திருந்த ஆஸ்திரியா-ஹங்கேரி சிதறிப்போகும். அதனால் செர்பியாவை அடக்கியே தீர வேண்டும் என்றது ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா. 1908-இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்கிய ரஷ்யா, ஸ்லாவியரின் காவலன் என்ற பெயரோடு இரண்டாம் முறை பின்வாங்கத் தயாராக இல்லை. 1871-இல் அல்சேஸ்-லொரைன் பகுதியை ஜெர்மனியிடம் இழந்த பிரான்ஸ் ரஷ்யாவை விட்டுக்கொடுக்க முடியாது.

இதற்கு மேல் ரயில் அட்டவணை. படைதிரட்டல் என்பது ரிசர்வ் வீரர்களை அழைத்து, குதிரையும் பீரங்கியும் ஏற்றி, ஆயிரக்கணக்கான ரயில்களை மணிக்கணக்குப்படி எல்லைக்கு ஓட்டுவது. பாதியில் திசை மாற்றினால் எல்லாம் குழம்பும். ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் திரட்டலாம் என்று ரஷ்யப் பேரரசர் ஜார் நினைத்தார். அப்படிச் செய்தால் முழுத் திரட்டல் கெட்டுவிடும் என்றார்கள் தளபதிகள். ஜூலை 30 அன்று முழுத் திரட்டலுக்கே ஆணை வந்தது. ஆகஸ்ட் 1 அன்று மொத்தப் படையையும் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பச் சொன்னார் ஜெர்மன் பேரரசர் கைசர். முடியாது என்றார் அவருடைய தலைமைத் தளபதி மோல்ட்கே. ஜெர்மன் திட்டமோ முதலில் பெல்ஜியம் வழியாக பிரான்சை முடிப்பது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839-இல் உறுதி கொடுத்திருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4 அன்று போரில் இறங்கியது. அந்த நிமிடமே இந்தியாவும் போரில் இருந்தது. இங்கே யாரையும் கேட்கவில்லை.

எம்டன் அப்போது சீனக் கரையில் ஜெர்மனியின் குத்தகைத் துறைமுகமான சிங்டாவைச் சேர்ந்த படையணியில் இருந்தது. பிரிட்டனோடு 1902-இல் கூட்டணி செய்திருந்த ஜப்பானும் வரும் என்று தெரிந்ததும் படையணி பசிபிக்கைக் கடந்து போக முடிவெடுத்தது. எம்டனை மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார்கள். ஒற்றைக் கப்பல் என்றால் பிடிக்கிற கப்பல்களின் நிலக்கரியிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. வங்கக் கடலில் அது மறித்த கப்பல்களில் இத்தாலியின் லொரெடானோவும் ஒன்று. நடுநிலை நாட்டுக் கப்பல் என்பதால் விட்டுவிட்டார்கள். அது போய் பிரிட்டிஷாருக்குத் தகவல் சொல்லிவிட்டது.

தந்திரக்காரன் என்ற பொருள் இந்தக் கப்பலுக்குப் பொருந்தும். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் மரச்சட்டமும் கான்வாஸும் வைத்து நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி நிறுத்தி, கப்பலைப் பிரிட்டிஷ் கப்பல் போலக் காட்டினார். அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தார். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை முடித்தது. தப்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளப் பின்னாளில் ஜெர்மனியில் அனுமதி கொடுத்தார்கள். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்பது நம்மூர்க் கதை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தவர்.

எம்டன் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தமிழில் எதைப் போடுவது? எத்தன், சூழ்ச்சிக்காரன் இரண்டிலும் வஞ்சகம் தூக்கல். எம்டனில் அவ்வளவு கெட்ட வாடை இல்லை. கில்லாடி வடக்கிலிருந்து வந்தது, எமகாதகன் வடமொழி. கைகாரன் பேச்சுக்கு ஒத்துவரும். எழுத்துக்கு விரகன் மிக நெருக்கம். விரகு என்றால் உபாயம், சாமர்த்தியம். சம்பந்தர் தன்னைத் 'தமிழ் விரகன்' என்று சொல்லிக்கொண்டது இந்தச் சொல்லால்தான். அப்பாவுக்குக் கெடுபிடிக்காரர் போதும். கப்பலைப் பற்றி எழுதும்போது ஒரு திருத்தம் தேவை: எம்டன் 'வெடிகுண்டு வீசியது' என்று எழுதுகிறார்கள், அது விமானம் செய்கிற வேலை. எம்டன் சுட்டது பீரங்கிக் குண்டு.