கவுண்டி என்பது மாவட்டமா?

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்குக் ‘கவுண்டி’ என்ற சொல் விளையாட்டுப் பக்கத்தில்தான் முதலில் பழக்கமாயிற்று. 1992இல் சச்சின் டெண்டுல்கர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் அணிக்கு ஆடியபோது ‘கவுண்டி கிரிக்கெட்’ என்று படித்தவர்களில் பலர், அதை ஒரு வகைப் போட்டியின் பெயர் என்றே எண்ணியிருப்பார்கள். உண்மையில் அது ஒரு நிலப்பிரிவின் பெயர். இன்று அச்சொல் வேறு வழியாக வீட்டுக்குள் வருகிறது. அமெரிக்காவில் வாழும் உறவினர் அனுப்பும் சொத்துவரி அறிவிப்பு, காட்டுத்தீ எச்சரிக்கை, நூலக நேர மாற்றம் எனப் பலவற்றிலும் ‘கவுண்டி அரசு’ என்ற பெயர் காணப்படுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் அதை ‘மாவட்ட நிர்வாகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் பொருள் பிசகுகிறது.

இச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ள ‘கோமெஸ்’ என்பதாகும். உடன் செல்பவர், துணைவர் என்பது அதன் பொருள். ரோமப் பேரரசருக்கு அணுக்கமாக இருந்தவர்களைக் குறித்த அச்சொல், பின்னர் உயர் அலுவலர்களின் பட்டமாயிற்று. அதிலிருந்து, அப்பட்டம் பெற்றவரின் ஆட்சிப்பகுதியைக் குறிக்கும் சொல் பிரெஞ்சில் உருவாயிற்று. 1066இல் இங்கிலாந்தை வென்ற, பிரெஞ்சு பேசிய நார்மானியர் அதைத் தங்களோடு கொண்டு சென்றனர். அங்கோ ‘ஷயர்’ என்ற நிலப்பிரிவு முன்பே இருந்தது. ஷயரின் ‘ரீவ்’, அதாவது ஷயரைக் கண்காணித்த அரச அலுவலர் என்பதே திரிந்து ‘ஷெரிப்’ ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், ‘கோமெஸ்’ வழி வந்த ‘கவுன்ட்’ என்ற பட்டம் இங்கிலாந்தில் வேர்விடவில்லை. ‘ஏர்ல்’ என்ற பழைய பட்டமே நிலைத்தது. பட்டத்துக்குரியவர் வராமல், அவர் பெயரால் அமைந்த நிலப்பகுதி மட்டும் வந்து சேர்ந்தது. நம் ஊர்க் ‘கவுண்டர்’ என்ற பெயருக்கும் இச்சொல்லுக்கும் ஒலியொப்புமை தவிர வேறு உறவு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

தமிழில் ‘ஜில்லா’ என்று வழங்கிய அரபு வழிச் சொல்லுக்கு ஈடாக நிலைபெற்றது ‘மாவட்டம்’. வட்டத்தினும் பெரியது என்னும் பொருள் அதிலேயே விளங்குகிறது. மாநிலத்துக்கு அடுத்த நிலப்பிரிவு என்ற அளவில் கவுண்டிக்கு மாவட்டம் பொருந்தவே செய்கிறது. ஆனால் ‘மாவட்ட நிர்வாகம்’ என்றதும் தமிழ் வாசகரின் மனத்தில் எழுவது ஆட்சியர் அலுவலகம். ஆட்சியர் அரசால் நியமிக்கப்படுபவர். நம்மிடமும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சி உண்டு எனினும், வருவாய்த் துறையும் காவல் துறையும் அதன் கையில் இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஒரு கோடிக்குச் சற்று மேல். லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் உட்பட 88 நகரங்கள் அதற்குள் அடங்கும். அதை ஆளும் குழுவின் உறுப்பினர்களுக்குப் பெயர் ‘சூப்பர்வைசர்’. நம் காதுக்கு அது ஆலையில் வேலை வாங்குபவரைப் போல ஒலித்தாலும், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 20 லட்சம் மக்களுக்குப் பிரதிநிதி ஆவார். ஐவராக இருந்துவந்த அக்குழுவை ஒன்பதின்மராக உயர்த்த 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப்பும் அங்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவரே.

எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளும் அந்த 88 நகரங்களுக்கு வெளியே உண்டு. 2025 ஜனவரியில் ‘ஈட்டன்’ எனப் பெயரிடப்பட்ட காட்டுத்தீயில் பெரும்பகுதி எரிந்துபோன ஆல்டடீனா அத்தகையதுதான். பக்கத்து ஊரான பாசடீனாவுக்கு மேயரும் நகரமன்றமும் இருக்க, ஆல்டடீனாவுக்கு இரண்டும் இல்லை. காவலுக்கு வருவது ஷெரிப்பின் துறை, எரிந்த வீட்டைத் திரும்பக் கட்ட அனுமதி தருவது கவுண்டி. ஆல்டடீனாவாசிக்குக் கவுண்டிச் செய்தி என்பது தொலைவிலுள்ள தலைமையகத்தின் சுற்றறிக்கை அன்று. அவருக்கு அதுவே ஊராட்சிச் செய்தி.

பதவிப் பெயர்களிலும் கவனம் வேண்டும். கலிபோர்னியாவில் சொத்துவரியின் இரண்டாம் தவணையை ஏப்ரல் 10க்குள் செலுத்துமாறு அறிவிப்பவர் ‘டாக்ஸ் கலெக்டர்’. பெயரில் கலெக்டர் இருக்கிறதே என்று ‘மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு’ என எழுதினால், வரி தண்டும் அலுவலருக்கு ஒரு மாவட்டத்தையே எழுதிக்கொடுத்தவர்கள் ஆவோம். இன்னொரு சிக்கல், ‘டிஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லும் அங்கே தனியாகப் புழங்குவது. பள்ளிகளை நடத்தும் ஆட்சிப்பகுதிக்கும் நாடாளுமன்றத் தொகுதிக்கும் அதுவே பெயர். கவுண்டியையும் அதையும் ஒருசேர மாவட்டம் என்றால், படிப்பவர் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் திண்டாடுவார்.

பழஞ்சொற்களில் தேடுவோர்க்கு முதலில் கண்ணில் படுவது ‘கோட்டம்’. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. ஆனால் வருவாய்க் கோட்டம், ரயில்வே கோட்டம் என்று அச்சொல் இன்று வேறு பணியில் அமர்ந்துவிட்டது. சோழர் காலத்து ‘நாடு’ இன்னும் நெருங்கி வருகிறது. பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு ‘நாட்டார்’ என்னும் அவை இருந்ததையும், நிலம், வரி ஆகியவை குறித்து அது முடிவெடுத்ததையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆயினும், முழுத் தேசத்தையே நாடு என்று சொல்லிப் பழகிவிட்ட நம்மால் ‘லாஸ் ஏஞ்சலஸ் நாடு’ என்று எழுத இயலாது.

ஆகவே இடப்பெயரோடு வரும்போது ‘கவுண்டி’ என்றே வைத்துக்கொள்வதும், அதன் அரசமைப்பை விளக்கும் இடத்தில் ‘மாவட்ட உள்ளாட்சி’ என்பதும் பொருத்தமாக இருக்கும். ‘நிர்வாகம்’ என்பது நியமனத்தை நினைவூட்டுகிறது. ‘உள்ளாட்சி’ என்றதும் வாக்குச்சீட்டு நினைவுக்கு வந்துவிடும். கென்யாவுக்கு மட்டும் இது போதாது. அங்கே 2010 அரசியலமைப்பு உருவாக்கிய 47 கவுண்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் பேரவையும் உண்டு. தேசிய வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு அவற்றுக்குச் சேர வேண்டும் என அதே அரசியலமைப்பு விதிக்கிறது. அதற்கு முன் அந்நாட்டில் மாவட்டங்கள் என்ற பிரிவும் தனியே இருந்தமையால், கென்யச் செய்தியில் கவுண்டியைக் கவுண்டி என்றே எழுதுவதுதான் சரி.