கருத்தடைக்குப் பின் நாயின் காயம் ஆறும் விதம்

கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்து ஓரிரு நாள்களிலேயே பெரும்பாலான நாய்கள் உணவு உண்டு, வாலாட்டி, துள்ளவும் தொடங்கிவிடுகின்றன. மயக்க மருந்து உடலைவிட்டு நீங்கியதையும் வலிநிவாரணி வேலை செய்வதையும் அந்தச் சுறுசுறுப்பு காட்டுமே தவிர, காயம் ஆறியதைக் காட்டாது. முதல் மூன்று முதல் ஐந்து நாள்கள் வரை வெட்டுண்ட திசுவுக்கென்று சொந்த வலிமை ஏறத்தாழ இல்லை. இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது தையல் நூல் மட்டுமே.

பெண் நாய்க்கு வழக்கமாக வயிற்றின் நடுக்கோட்டில், இருபுறத் தசையுறைகளும் ஒன்றுசேரும் வெண்ணிற நார்ப்பட்டையைக் கீறி, சினைப்பைகளையும் பெரும்பாலும் அவற்றுடன் கருப்பையையும் அகற்றுகிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது தோலின் தையல். வயிற்று உறுப்புகளின் பாரத்தைத் தாங்குவதோ அந்த நார்ப்பட்டையில் போடப்பட்ட உள்தையல். ஆண் நாயில் விதைப்பைக்குச் சற்று முன்னால் தோலைக் கீறி விரைகளை எடுத்துவிடுவதால், வயிற்றறையைத் திறக்க வேண்டியதில்லை. (விரை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட நாய்கள் இதற்கு விலக்கு.)

கீறல் விழுந்த சில நிமிடங்களில் இரத்தத் தட்டணுக்கள் திரண்டு கசிவை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் வந்துசேரும் வெள்ளையணுக்கள் நுண்ணுயிரிகளைத் தாக்குகின்றன. இரண்டு மூன்று நாள்களில் பெருகும் மேக்ரோஃபேஜ் செல்கள், சிதைவுகளை விழுங்கி அகற்றுவதோடு, புதுத் திசுவைக் கட்டுவதற்கான வேதிச் சமிக்ஞைகளையும் வெளியிடுகின்றன. இந்நாள்களில் காணும் இலேசான சிவப்பும் வீக்கமும் ஆறுதலின் பகுதிதான். ஓரங்கள் நன்கு பொருந்தியிருந்தால் மேல்தோல் செல்கள் ஓரிரு நாள்களிலேயே நகர்ந்துவந்து இடைவெளியை மூடிவிடும். பலரை ஏமாற்றுவது இந்த மெல்லிய மூடல்தான், ஏனெனில் அதற்கு இழுவிசையைத் தாங்கும் திறன் கிடையாது. உண்மையான வலிமையைத் தருவது, அதன்பின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் சுரக்கும் கொலாஜன் புரதமே. முதலில் ஒழுங்கின்றிப் படியும் அந்த இழைகள் பல மாதங்களில் பிரிக்கப்பட்டு, இழுவிசையின் திசைக்கேற்ப மீண்டும் அடுக்கப்படுகின்றன. மூன்று வாரம் கடந்த தோல் தழும்புக்குப் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே திரும்பியிருக்கும். எத்தனை காலம் சென்றாலும் அது முழு அளவை எட்டுவதில்லை.

வெளித்தையலை 10 முதல் 14 நாள்களில் பிரிக்கும்வரை ஓட்டத்தையும் தாவலையும் தடுப்பது இதனால்தான். தாவும்போது வயிற்றறையின் அழுத்தம் உயர்ந்து உள்தையலை இழுக்கிறது. தோலடித் திசுக்கள் ஒன்றின்மேல் ஒன்று உராய்வதால் அங்கே நிணநீர் தேங்கிக் கட்டிபோல் வீங்கவும் கூடும். நாயின் உமிழ்நீர் காயத்தை ஆற்றும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அதில் சில நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பது மெய்யே. ஆயினும் தொடர்ந்து நக்கும் நாக்கு தையலைத் தளர்த்துவதும், வாயின் பாக்டீரியாக்கள் காயத்துக்குள் நுழைவதும் அந்தச் சிறு நன்மையை விழுங்கிவிடுகின்றன. காயத்தை நக்கவிடாமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பை நாய் எவ்வளவு வெறுத்தாலும் கழற்றாமல் இருப்பதே நல்லது. மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் அவற்றைக் கொடுக்கவே கூடாது. வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, சீழோ இரத்தமோ வடிந்தாலோ, ஓரங்கள் பிரிந்தாலோ, ஈறுகள் வெளுத்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆண் நாயில் வெளித்தோற்றத்துக்கும் உள்நிலைக்கும் இடையே இன்னோர் இடைவெளியும் உண்டு. விரைகள் நீங்கியதும் டெஸ்டோஸ்டிரோன் விரைவில் சரிந்தாலும், விந்து செல்லும் நாளங்களில் முன்பே தங்கிய விந்தணுக்கள் சில வாரங்கள் எஞ்சியிருக்கக்கூடும். தழும்பு காய்ந்த பிறகும் மருத்துவர் சொல்லும் காலம்வரை அந்த நாயைச் சினைப்பருவப் பெண் நாய்களிடமிருந்து விலக்கியே வைக்க வேண்டும்.