விமானம் பிந்தியதற்கு நட்டஈடு இல்லை என்று மெயில் வந்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள்

"எமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் தாமதம் ஏற்பட்டது, ஆகவே நட்டஈடு வழங்க இயலாது." விமான நிறுவனங்கள் அனுப்பும் மறுப்பு மெயிலில் அநேகமாக இந்த ஒரு வரிதான் இருக்கும். மேலே ஒரு மன்னிப்பு, கீழே ஒரு கேஸ் நம்பர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் இதைப் படித்துவிட்டு, கொம்பனியே சொல்லிவிட்டது, இனி என்ன செய்ய என்று விட்டுவிட்டார்கள். அவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டிய தரப்பு தன் பக்கத்தைச் சொல்லும் கடிதம் அது. அதைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, பிந்திய விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்பது. பாரிஸ், பிராங்பேர்ட் என்று ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பியிருந்தால் 261/2004 என்ற ஐரோப்பிய ஒழுங்குவிதி பொருந்தும். சூரிச்சுக்கும் அதுதான். லண்டனுக்கு அதே மாதிரி பிரித்தானிய விதி இருக்கிறது. விமானம் எந்த நாட்டுடையது என்பது இங்கே கணக்கில்லை. 3 மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்தி இறங்கினால், 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ, பிரித்தானியாவில் 520 பவுண். தாமதம் 4 மணிக்குக் குறைவு என்றால் பாதியாக வெட்டலாம். கொழும்புக்கு வரும் பயணங்கள் எல்லாமே இந்தத் தூரத்துக்கு மேல்தான். காசு கட்டி டிக்கெட் எடுத்த பிள்ளைக்கும் தனியாக உண்டு.

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போகும்போது, விமானம் பிரித்தானிய அல்லது ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால் மட்டுமே அந்த விதி பொருந்தும். நம் நாட்டு விமானத்திலோ வளைகுடா விமானத்திலோ போனவருக்குப் பொருந்தாது. அதே ஆள் அதே டிக்கெட்டில் திரும்பி வரும்போது பொருந்தும். போவது ஒரு பயணம், வருவது இன்னொரு பயணம் என்றுதான் பார்ப்பார்கள். டிக்கெட்டைக் கொழும்பில் வாங்கினீர்கள் என்பதோ, உங்களிடம் இலங்கைப் பாஸ்போர்ட், விசிட் விசாவில்தான் போனீர்கள் என்பதோ எதையும் மாற்றாது. "நாங்கள் அந்த நாட்டு ஆட்கள் இல்லையே" என்று தாமாகவே ஒதுங்கிப் போன பெற்றோர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான தம்பதி. மகளின் பிரசவத்துக்காக லண்டன் போய்விட்டு, வளைகுடா விமானம் ஒன்றில் திரும்பினார்கள். லண்டனில் கிளம்பவே பிந்தியதால் இடையில் அடுத்த விமானம் கைதவறி, இரவு முழுக்க நாற்காலியில் இருந்து, மறுநாள் மத்தியானம்தான் கட்டுநாயக்கவில் இறங்கினார்கள். முறைப்பாட்டுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? நீங்கள் கொழும்புக்கு வந்த விமானம் நேரத்துக்கே கிளம்பியது, ஆகவே தாமதம் இல்லை என்று. மறுநாள் ஏற்றிய விமானத்தைப் பற்றிச் சொல்கிறார்கள்! "தம்பி, இவ்வளவு பெரிய கொம்பனி பொய்யா சொல்லப்போகுது" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். ஒரே புக்கிங்கில் எடுத்த பயணத்துக்கு, கடைசியாக இறங்க வேண்டிய ஊரில் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்பதுதான் கணக்கு. முதல் விமானம் முக்கால் மணிதான் பிந்தியது என்றாலும், அதனால் கொழும்புக்கு மறுநாள் வந்திருந்தால் மறுநாள்தான் கணக்கு. இடையில் டோஹாவிலோ துபாயிலோ மாறியதும் தடையில்லை.

ஆனால் ஒரே புக்கிங்காக இருக்க வேண்டும். காலி வீதியில் உள்ள ஏஜென்சிகளில் சில, விலை குறைகிறது என்று இரண்டு துண்டாக டிக்கெட் போட்டுக் கொடுப்பார்கள், வாங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது. டிக்கெட்டில் இருக்கும் ஆறெழுத்துப் புக்கிங் இலக்கம் இரண்டு பயணத்துக்கும் ஒன்றா என்று காசு கட்டும் முன்பே பாருங்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரும் பறந்த விமானத்தில் இன்னொரு நிறுவனத்தின் பெயரும் இருந்தால், கேட்க வேண்டியது பறத்தியவர்களிடம்.

அடுத்தது காரணம். "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதிவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். சாதாரணமாக வரும் இயந்திரக் கோளாறு நட்டஈட்டிலிருந்து தப்ப ஒரு காரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. விமானிக்குச் சுகமில்லை என்பதும் காரணமாகாது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2024ல் தீர்த்தது. "செயற்பாட்டுக் காரணங்கள்" என்று எழுதினால் அது ஒரு காரணமே இல்லை. விசேட காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆகவே பதில் எழுதும்போது கோபத்தை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: கோளாறு என்ன, எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தீர்கள், தாமதத்தைத் தவிர்க்க என்ன செய்தீர்கள். பொதுவாகப் பதில் சொல்ல முடியாத கேள்விகள் இவை, அதனால்தான் வேலை செய்கின்றன.

காலநிலை என்றால் நிலைமை வேறு. புயலோ மூடுபனியோ உண்மையாகவே இருந்திருந்தால் அந்தத் தொகைக்காக மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் அதே நேரத்தில் அதே நிலையத்திலிருந்து மற்ற விமானங்கள் போய்க்கொண்டிருந்தனவா என்று அன்றைக்கே போனில் பார்த்து ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள், நாள் போனால் இலவசமாகப் பார்க்கக் கிடைக்காது. இன்னொன்று, காரணம் எதுவாக இருந்தாலும் காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடும் இரவு தங்க இடமும் அவர்கள் தர வேண்டும். தராவிட்டால் நியாயமான செலவைச் செய்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டித் திருப்பிக் கேட்கலாம்.

சரி, கொழும்பிலிருந்து கிளம்பி, ஐரோப்பிய விதியும் பொருந்தாதவர்கள்? இத்தனை மணிக்கு இவ்வளவு என்ற நிர்ணயத் தொகையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பிடிக்க வேண்டியது மொன்ட்ரியல் உடன்படிக்கை, சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பைச் சொல்லும் ஒப்பந்தம் அது. 2019 தொடக்கத்திலிருந்து இலங்கை அதில் இருக்கிறது. இதில் கஷ்டப்பட்டதற்குக் காசு கிடையாது. தாமதத்தால் உண்மையில் செலவான, பறிபோன பணம்தான் கிடைக்கும்: ஹோட்டல், வேறு டிக்கெட், ரெயில், வெட்டிய சம்பளம். உச்சவரம்பு 6,303 எஸ்.டி.ஆர்., சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு அது, 8,000 அமெரிக்க டொலருக்கு மேல் வரும். தேவையான நடவடிக்கை எல்லாம் எடுத்தோம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். "எமது நிபந்தனைகளின்படி தாமதத்துக்குப் பொறுப்பில்லை" என்று எழுதினால் மயங்காதீர்கள், உடன்படிக்கையிலிருந்து நழுவும்படி எழுதிய நிபந்தனை செல்லாது.

இதில் பெரிய பொறி காலக்கெடு. 2 வருடத்துக்குள் வழக்கே போட்டிருக்க வேண்டும், கடிதம் எழுதிக்கொண்டிருந்தது கணக்கில் வராது. "பரிசீலனையில் உள்ளது" என்ற மெயிலை நம்பி வருடத்தைக் கடத்தியவர்கள் இருக்கிறார்கள். பெட்டி பிந்தி வந்திருந்தால் கையில் கிடைத்து 21 நாளுக்குள், உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து போய்த் திரும்பும் டிக்கெட் என்றால் சேருமிடமும் கொழும்புதான், ஆகவே வழக்கை இங்கேயே போடலாம். தொகை சிறியதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரும், அதற்கும் நேரம் வைத்துக்கொண்டு சட்டத்தரணியைப் பாருங்கள்.

டொரொண்டோ போகிறவர்களுக்கு 2019ல் வந்த கனடிய விதி இரண்டு திசைக்கும் பொருந்தும். பெரிய நிறுவனம் என்றால் 3 மணித்தியாலத் தாமதத்திலிருந்து 400, 6 மணித்தியாலத்திலிருந்து 700, 9 மணித்தியாலத்திலிருந்து 1,000 கனடிய டொலர். ஆனால் பாதுகாப்புக்காகத் தாமதித்தோம் என்று அங்கே தப்ப முடியும், கேட்பதும் ஒரு வருடத்துக்குள்.

அலைச்சலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விமான நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்குப் போனால் "ஏஜென்ட்டிடம் கேளுங்கள்" என்பார்கள். ஏஜென்ட் "அது எயார்லைன் விஷயம்" என்பார். திரும்பவும் போனால் "தலைமை அலுவலகத்துக்கு இணையத்தில் போடுங்கள்". நட்டஈட்டுக்குப் பொறுப்பு விமான நிறுவனம், ஏஜென்ட் இல்லை, ஆகவே முதல் நாளே அவர்களின் இணையப் படிவத்தில் போட்டு, அனுப்பும் முன் பக்கத்தைப் படம் பிடித்து, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவதானால் 3 மாதத்துக்குள் எழுத வேண்டும். லண்டனிலிருந்து வந்த விமானத்துக்குக் கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் வாசலில் நின்று பயனில்லை. எட்டு வாரத்தில் சரியான பதில் வராவிட்டால், அந்த நிறுவனம் சேர்ந்துள்ள பிணக்குத் தீர்வு அமைப்புக்கு, அப்படி ஒன்று இல்லையென்றால் பிரித்தானிய சிவில் விமான அதிகார சபைக்கு எழுதுங்கள். பாரிஸ் என்றால் பிரெஞ்சு அமைப்பு. பிரித்தானிய விதிப்படியான தொகைக்கு இங்கிலாந்தில் 6 வருடம் வரை வழக்குப் போடலாம், அதனால் பழைய மறுப்பு மெயில்களையும் தேடிப் பாருங்கள்.

இடையில் வவுச்சர் ஒன்று வரும். எழுத்தில் நீங்கள் சம்மதித்தால் ஒழிய, ஐரோப்பிய விதிப்படி காசுக்குப் பதிலாக அதைக் கொடுக்க முடியாது. அதனால்தான் "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். சாப்பாட்டுக் கூப்பனை வாங்குங்கள், இப்படியான தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கிளைம் எடுத்துத் தருகிறோம் என்று வரும் நிறுவனங்கள் கால்பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும், முதல் இரண்டு கடிதத்தை நீங்களே எழுதிப் பார்த்துவிட்டு அவர்களிடம் போகலாம்.

பணம் தரச் சம்மதித்த பிறகும் ஒரு சிக்கல் வரும். படிவத்தில் ஐ.பி.ஏ.என். என்ற சர்வதேச வங்கிக் கணக்கு நம்பர் கேட்கும், இலங்கை வங்கிக் கணக்குக்கு அது கிடையாது, நிரப்பாவிட்டால் படிவம் நகராது. அதில் எதையாவது போட்டு நிரப்பாமல், கேஸ் நம்பரைப் போட்டு மெயில் எழுதி, வங்கியின் சுவிஃப்ட் கோட், கிளை, கணக்கு இலக்கம், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் ஆகியவற்றைக் கொடுங்கள். கணக்குப் பெயரும் டிக்கெட் பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பிப் போய்விடக்கூடும், வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.