மறிப்பதற்கு முன் பார்க்க வேண்டும்: சமூக ஊடகத் தடை இயங்கும் விதம்

2018 மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்ட மறுநாள், மார்ச் 7ஆம் திகதி, ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன நாடு முழுவதும் முடக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே திறக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்பும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போதும் இதே நடவடிக்கை மீண்டும் எடுக்கப்பட்டது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுடனும் மத்திய கிழக்கில் வீட்டுப்பணிக்குச் சென்றிருக்கும் தாய்மாருடனும் கைத்தொலைபேசி வழியாகவே குடும்பம் நடத்தும் மலையகத் தோட்டங்களில், இத்தகைய தடை என்பது உறவு அறுந்துபோகும் நாட்களாகும். அந்தத் தடை வலையமைப்புக்குள் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தால், கருத்துச் சுதந்திரமும் அந்தரங்கமும் ஏன் பிரிக்க முடியாதவை என்பதும் விளங்கும்.

ஒரு செயலியைத் திறந்தவுடன் தொலைபேசி முதலில் செய்யும் வேலை, அந்தச் சேவையின் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடுவதாகும். டி.என்.எஸ். எனப்படும் இந்தப் பெயர்த் தேடல் முறை 1980களில் வடிவமைக்கப்பட்டது. அக்காலத்தில் வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் நம்பிய ஆய்வாளர்கள் என்பதால், கேள்வியும் பதிலும் எந்த மறைப்புமின்றி வெளிப்படையாகவே பயணித்தன. இன்றும் பெரும்பாலான தொலைபேசிகள் இந்தக் கேள்வியைத் தமது சேவை வழங்குநரின் கணினியிடமே கேட்கின்றன. குறிப்பிட்ட பெயர் கேட்கப்பட்டால் பொய்யான பதிலைக் கொடு, அல்லது பதிலே கொடுக்காதே என்று அக்கணினிக்குக் கட்டளையிட்டால் போதும், தடை உருவாகிவிடும். இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டை இலக்கத்துடன் பதியப்படுவதால், எந்தப் பெயரை எவர் எத்தனை மணிக்குத் தேடினார் என்பதை அறியும் வாய்ப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழி, எண் முகவரியையே மறிப்பது. ஆனால் ஒரே முகவரியைத் தொடர்பற்ற பல தளங்கள் பகிர்ந்துகொள்வதால், ஒன்றை மறிக்கப்போய் மற்றவையும் சேர்ந்து மறைந்துவிடும்.

மூன்றாவது வழி நுணுக்கமானது. இன்றைய இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது இடையில் நிற்போர் வாசிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்பட்டே, செல்கிறது. நாம் வாசிக்கும் பக்கத்தையோ எழுதும் வரியையோ சேவை வழங்குநரால் பார்க்க முடியாது. ஆயினும் தொடர்பு தொடங்கும் முதல் செய்தியில், எந்தத் தளத்துடன் பேச வேண்டும் என்ற பெயர் பொதுவாக மறைக்கப்படாமலே செல்கிறது. எஸ்.என்.ஐ. எனப்படும் இந்தப் பகுதியை வாசித்துத் தொடர்பைத் துண்டிக்கும் கருவிகள் உண்டு. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வாழ்வோருக்குத் தனித்தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நிலையை மலையகம் நன்கு அறியும். உறை ஒட்டப்பட்டிருந்தாலும், யாருக்கு யாரிடமிருந்து கடிதம் வந்தது என்பது அலுவலகத்துக்குத் தெரியும். நிறுத்திவைக்க அதுவே போதுமானது.

இங்கிருந்துதான் சட்டத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் இடையிலான பொருத்தமின்மை எழுகிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், தடைசெய்யப்பட்ட கூற்றுகளை அகற்றவும் அவற்றுக்கான அணுகலை முடக்கவும் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளிக்கிறது. சட்டம் பேசுவது ஒரு கூற்றைப் பற்றி. சேவை வழங்குநருக்குத் தெரிவதோ தளத்தின் பெயர் மட்டுமே. அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனம் பதிவை அகற்ற மறுத்தால், ஒரேயொரு பதிவை மட்டும் மறிக்கச் சேவை வழங்குநரிடம் வழியில்லை; முழுத் தளத்தையும் மறிக்க வேண்டும், அல்லது மறையாக்கத்தை உடைத்து எல்லோருடைய உரையாடலையும் வாசிக்க வேண்டும். இரண்டாவது தெரிவை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது என்பது என் உறுதியான நிலைப்பாடு.

வி.பி.என். செயலிகள் தடையைத் தாண்டுவதும் இந்தப் பெயரை மறைப்பதன் மூலமே. தொலைபேசியிலிருந்து புறப்படும் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டு, வேறொரு நாட்டிலுள்ள கணினிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தே உரிய தளத்துக்குச் செல்கின்றன. உள்ளூர் சேவை வழங்குநருக்கு அந்த ஒரு கணினியின் முகவரி மட்டுமே தெரியும். 2018இலும் 2022இலும் ஏராளமானோர் இவ்வழியை நாடினர். ஆனால் இதனால் பார்க்கும் வாய்ப்பு இல்லாமற்போவதில்லை, இடம் மாறுகிறது. சேவை வழங்குநர் பார்த்த பெயர்களை இப்போது வி.பி.என். நடத்துபவர் பார்க்கிறார். தடை நாளன்று அவசரத்தில் இறக்கப்படும் இலவசச் செயலிகளை நடத்துவது யார், அவர்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை விசாரிக்க அப்போது எவருக்கும் நேரமிருப்பதில்லை. பெயர்த் தேடலை மட்டுமாவது மறைக்க, அண்ட்ராய்டு 9ஆம் பதிப்பிலிருந்து தொலைபேசி அமைப்புகளுக்குள் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற வசதி இருக்கிறது. எஸ்.என்.ஐ. பகுதியையும் மறையாக்கும் முறை இப்போதுதான் பரவத் தொடங்கியுள்ளது.

திகனவில் வெறுப்புப் பதிவுகள் உயிருக்கும் உடைமைக்கும் கேடு விளைவித்தன என்பதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. 2020 மே மாதத்தில் ஃபேஸ்புக் நிறுவனமே அவ்வன்முறையில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக வருத்தம் தெரிவித்தது. சிங்களத்திலும் தமிழிலும் வரும் முறைப்பாடுகளை வாசித்து உடனடியாகச் செயற்படும் ஆட்கள் போதியளவு இருந்திருந்தால், பதிவு பரவும் முன்பே அகற்றப்பட்டிருக்கலாம். பெயரைப் பார்த்து மறிக்கும் தடைக்கு அத்தகைய பகுத்தறியும் திறன் கிடையாது. வதந்தியை மறிக்கும் அதே கணத்தில் வதந்தியை மறுக்கும் செய்தியையும், பாதிக்கப்பட்டவர் உதவி கேட்கும் செய்தியையும் மறிக்கிறது. அதே 2018 அக்டோபரில், தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் கோரி மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டனர். அவர்களை ஒன்றுசேர்த்ததும் சமூக ஊடகங்களே. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தவில் மண்சரிவைக் கண்ட மலைகளில், எச்சரிக்கை ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு விரைந்து செல்வதும் இதே செயலிகள் வழியாகத்தான்.

தடைக்கான அறிவுறுத்தலைச் சேவை வழங்குநர்களுக்கு அனுப்புவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்தத் தளங்களை, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தடை தொடங்கும்போதே மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமானது. அதுவரை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் குடிமகளும் அவ்வாணைக்குழுவிடம் இந்த விவரங்களைத் தமிழிலேயே எழுதிக் கோரலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் வழங்கப்படுமா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும், அதற்கெதிராக மேன்முறையீடும் செய்யலாம்.