ஒரு கிலோவைச் சுற்றி: லேப்டாப்பின் எடை எங்கிருந்து குறைகிறது?

ஃபுஜிட்சு 2020இல் ஜப்பானில் வெளியிட்ட 13.3 அங்குல லேப்டாப் ஒன்றின் எடை 634 கிராம்தான். எல்ஜியின் கிராம் வரிசையில் 2021இல் வந்த 17 அங்குல மாடல் 1.35 கிலோ. ஆப்பிளின் 2022 மேக்புக் ஏர் 1.24 கிலோ. மூன்றையுமே கடைக்காரர் 'ரொம்ப லைட்' என்றுதான் எடுத்துக் காட்டுவார். ஆனால் எடையைக் குறைக்க மூன்றும் கொடுத்த விலை வேறு வேறு. முதலாவது பேட்டரியைச் சுருக்கியது. இரண்டாவது பெரிய பேட்டரியை வைத்துக்கொண்டு உடலை மெலிதாக்கியது. மூன்றாவது விசிறியே வேண்டாம் என்று விட்டுவிட்டது. எத்தனை கிராம் என்று கேட்பதோடு, அந்தக் கிராம்கள் எந்தப் பாகத்திலிருந்து போயின என்றும் கேட்டால்தான் வாங்குபவருக்கு உபயோகமான பதில் கிடைக்கும்.

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். லேப்டாப்பில் இருக்கும் லித்தியம்-அயான் செல் கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும் (ஒரு வாட்டை ஒரு மணி நேரம் தரும் ஆற்றல் ஒரு வாட்-மணி). கட்டுப்பாட்டு சர்க்யூட், ஒயர், உறை எல்லாம் சேர்ந்தால் ஒரு வாட்-மணிக்கு 4 முதல் 4.5 கிராம் என்று கணக்கு வைக்கலாம். 25 வாட்-மணி என்றால் ஏறக்குறைய 110 கிராம், 50 என்றால் 220, 80 என்றால் 340. அந்த 634 கிராம் ஃபுஜிட்சுவில் இருப்பது 25 வாட்-மணி. எல்ஜியில் இருப்பது 80.

பிரவுசர், வேர்ட், மிதமான திரை வெளிச்சம் என்று வேலை பார்த்தால் இன்றைய லேப்டாப் சராசரியாக 5 வாட் எடுக்கும். 25 வாட்-மணிக்கு 5 மணி நேரம். இது எல்லோருக்கும் புரிகிற நஷ்டம். பலரும் கவனிக்காத இன்னொரு நஷ்டம் ஆயுளில் இருக்கிறது. பேட்டரியின் ஆயுளைச் சார்ஜ் சுற்றுகளில் அளக்கிறார்கள். முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் வெளியே போனால் ஒரு சுற்று. தினம் 8 மணி நேரம் பேட்டரியில் வேலை செய்தால் 40 வாட்-மணி செலவாகும். 57 வாட்-மணி பேட்டரியில் அது 0.7 சுற்று, 25 வாட்-மணி பேட்டரியிலோ 1.6 சுற்று. 500 சுற்றில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் என்று வைத்துக்கொண்டால், முதலாவது 700 வேலை நாட்களைத் தாண்டும். இரண்டாவது 310 நாளைச் சுற்றி அங்கே வந்துவிடும். ஏற்கெனவே சிறிய பேட்டரி, அதிலும் சீக்கிரம் தேய்வது. இந்த 140 கிராம் மிச்சத்தை நான் நல்ல பேரம் என்று சொல்ல மாட்டேன். அலுவலகத்திலும் வீட்டிலும் எப்போதும் சார்ஜரில் செருகியே வேலை செய்பவருக்கு மட்டும் விதிவிலக்கு. அவரும் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பைப் போட்டு வைக்க வேண்டும்.

இன்னொன்று. சிப் (பிராசஸர்) திடீரென 30 வாட் கேட்டால் 50 வாட்-மணி பேட்டரிக்கு அது பெரிய சுமையில்லை. 25 வாட்-மணி பேட்டரிக்கு அதன் முழுக் கொள்ளளவை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் காலி செய்யும் வேகம் அது. மின்னழுத்தம் சரியும். அதனால்தான் சில மாடல்கள் சார்ஜரைப் பிடுங்கியதும் சிப்பின் உச்ச வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன.

உடலை இலேசாக்குவது வேறு கதை. இதில் ஓரளவு உண்மையான லாபம் உண்டு. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்தின் அடர்த்தி 1.74. ஆனால் மக்னீசியம் அவ்வளவு விறைப்பானதில்லை. விறைப்பைக் காட்டும் அதன் மீள்தன்மைக் குணகம் 45 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அப்படியானால் மக்னீசியம் தோற்க வேண்டுமே? தோற்பதில்லை. ஒரு தகட்டை வளைப்பது எவ்வளவு கடினம் என்பது அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரே எடையில் இரண்டு தகடு செய்தால் மக்னீசியத் தகடு 1.55 மடங்கு தடிமனாக இருக்கும். 1.55இன் மும்மடி 3.7. குணகத்தில் இருக்கும் குறையைக் கழித்தாலும் வளைவுக்கு எதிரான விறைப்பு 2.4 மடங்கு வருகிறது. மாற்றிச் சொன்னால், அதே விறைப்பை 25 சதவீதம் குறைந்த எடையில் பெறலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தயாரிப்பாளர் அந்த 25 சதவீதத்தோடு நிற்பதில்லை. தகட்டையும் மெலிதாக்குகிறார். தடிமனை 20 சதவீதம் குறைத்தால் விறைப்பு பாதியாகிவிடும். கீபோர்டின் நடுவில் அழுத்தினால் பள்ளம் விழுவதும், திறந்த லேப்டாப்பை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் முறுகுவதும் இதனால்தான். முறுகும்போது உள்ளே மதர்போர்டும் சேர்ந்து வளைகிறது. சிப்புக்கு அடியில் இருக்கும் நுண்ணிய சால்டர் பற்றுகளுக்கு நீண்ட நாளில் அது நல்லதில்லை. இத்தகைய லேப்டாப்பை இரண்டு கையால் அடியில் பிடித்துத் தூக்க வேண்டும். பையில் புத்தக மூட்டைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் வைத்தால் மூடி அழுந்தி, கீபோர்டு கட்டங்களின் தடம் திரையில் விழும். கேமராவை மறைக்கும் பிளாஸ்டிக் மூடி ஒட்டிய நிலையில் மேக்புக்கை மூட வேண்டாம் என்று ஆப்பிளே 2020இல் எச்சரித்தது. திரைக்கும் கீபோர்டுக்கும் இடையே அவ்வளவு சிறிய இடைவெளி.

கார்பன் ஃபைபர் மக்னீசியத்தைவிட இலேசு, விறைப்பும் அதிகம். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். வைஃபை அலையை மறைக்கும். ஆன்டெனா இருக்கும் ஓரத்தில் கண்ணாடி இழை அல்லது பிளாஸ்டிக் பட்டை வைத்தே ஆக வேண்டும். விலையும் கூடும்.

அடுத்தது சூடு. நம் ஊரில் இதுதான் அதிகம் கடிக்கும்.

இன்டெல் கோர் ஐ7-1355யூ சிப்பின் அடிப்படை மின்திறன் 15 வாட். உச்ச வேகத்தில் 55 வாட் வரை போக அதற்கு அனுமதி உண்டு. உற்பத்தியாகும் சூட்டை விசிறி உடனே வெளியே தள்ள முடியாவிட்டால், அது முதலில் செம்புக் குழாயிலும் தகட்டிலும் போய்த் தங்கும். 100 கிராம் செம்பை 10 டிகிரி சூடாக்க 385 ஜூல் போதும். 30 வாட் மிகையாக வந்தால் 13 நொடியில் அந்த 10 டிகிரி ஏறிவிடும். செம்பு 50 கிராம்தான் என்றால் 6 நொடி. எடையைக் குறைக்க செம்பைக் குறைத்த லேப்டாப் வேகத்தைச் சீக்கிரம் இழப்பதன் காரணம் இவ்வளவுதான். ஒரு ஃபைலைத் திறக்கும் இரண்டு நொடிக்கு அது யாருக்கும் தெரியாது. வீடியோ எடிட் செய்பவருக்குத் தெரியும்.

விசிறியே இல்லாத லேப்டாப்புக்கு உடல்தான் ரேடியேட்டர். காற்றோட்டமும் கதிர்வீச்சும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட் வெளியேறும். 13 அங்குல லேப்டாப்பின் கீபோர்டு பக்கப் பரப்பு 0.063 சதுர மீட்டர். அடிப்பகுதி மேஜையோடு ஒட்டியிருப்பதால் அதை நம்ப முடியாது. கைக்குச் சுடாமல் இருக்க மேற்பரப்பை 45 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்றால், 25 டிகிரி ஏசி அறையில் 12 வாட்டை வெளியேற்றலாம். 35 டிகிரி அறையில் வித்தியாசம் 10 டிகிரியாகச் சுருங்கி, 6 வாட்தான் போகும். தோராயக் கணக்குதான், ஆனால் மே மாதத்தில் அதே லேப்டாப் ஏன் மந்தமாகிறது என்பதற்கு இது போதும். மெத்தை, தலையணை மீது வைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

மெலிவுக்காகப் போகும் மற்றவற்றில் எடை லாபம் சொற்பம். ஃபைல்களைச் சேமிக்கும் எம்.2 எஸ்எஸ்டி 10 கிராம்கூட வராது. ரேமை மதர்போர்டிலேயே பற்றவைப்பதில் மிச்சமாவது முக்கியமாக உயரமும் மின்சாரமும்தான். பிறகு 8 ஜிபியை 16 ஆக்க வழியில்லை. அதனால் வாங்கும்போதே 16 ஜிபிக்குக் குறையாமல் எடுத்துவிடுங்கள். கீபோர்டைப் பல மாடல்களில் மேல்தட்டோடு அடித்துப் பொருத்திவிடுகிறார்கள். தேநீர் சிந்தினால் தட்டு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். 2015இல் 920 கிராம் மேக்புக்கோடு வந்த பட்டர்ஃபிளை கீபோர்டில் தூசு புகுந்தாலே பொத்தான் ஒட்டிக்கொண்டது. 2018இல் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்து, 2020க்குள் அந்த வடிவமைப்பையே கைவிட்டது.

தோளில் ஏறுவது லேப்டாப் மட்டுமில்லை என்பதும் மறந்துபோகிற விஷயம். 65 வாட் பழைய பாணி சார்ஜர், மூன்று பின் கேபிளோடு 300 கிராமைத் தொடும். காலியம் நைட்ரைடு (GaN) வகைச் சார்ஜர் அதில் பாதிக்கும் கீழே. லேப்டாப்பில் 100 கிராம் குறைக்கக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன்னால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். போர்ட் போதாமல் வாங்கும் ஹப்பையும் கணக்கில் சேருங்கள்.

கடையில் பார்க்கும்போது விவரத்தாளில் 'முதல்' என்று போட்ட எடையை நம்பாதீர்கள். அது மிகச் சிறிய பேட்டரி, டச் இல்லாத திரை கொண்ட வகைக்கு உரியது. நீங்கள் வாங்கும் மாடல் எண்ணுக்கு வாட்-மணி எவ்வளவு என்று கேளுங்கள். மூடியைத் திறந்து, கீபோர்டின் 'ஜி', 'ஹெச்' பொத்தான்களுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்துங்கள். அனுமதித்தால் சிப்பின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை 10 நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு முதல் மதிப்பெண்ணையும் கடைசி மதிப்பெண்ணையும் ஒப்பிடுங்கள். 10 முதல் 15 சதவீதம் குறைந்தால் பரவாயில்லை. 40 சதவீதம் குறைந்தால் விலையுயர்ந்த சிப்புக்குப் பதிலாக அதே மாடலில் ஒரு படி கீழான சிப்பை எடுப்பதே மேல், ஏனென்றால் நீண்ட வேலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடும்.