லேப்ராஸ்கோப்பில் தொடங்கிய பித்தப்பை ஆபரேஷன் ஓபனில் முடிந்தால்...

"டாக்டர், லேப்ராஸ்கோப்புலதானே பண்ணுவீங்க? கிழிக்க மாட்டீங்களே?"

பித்தப்பைக் கல்லுக்காக ஓ.பி.க்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்வது லேப்ராஸ்கோப் முறை. வயிற்றை நீளமாகக் கிழித்துத் திறந்து செய்வது ஓபன். சம்மதப் படிவத்தில் 'தேவைப்பட்டால் ஓபன் அறுவைச் சிகிச்சையாக மாற்றப்படும்' என்ற வரி வந்ததும் கையெழுத்துப் போட வந்த கை நின்றுவிடும். நோயாளியைக் காப்பாற்றும் வரியே அதுதான் என்று உறவினர்களை உட்கார வைத்துச் சொல்வேன். இங்கும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பித்தப்பையை முழுதாக எடுக்கலாம் என்று செய்து காட்டியவர் பெர்லின் நகரின் கார்ல் லாங்கன்பூக். ஆண்டு 1882. அதற்கு முன் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுப்பார்கள், கல் திரும்ப வரும். கல் உண்டாவதே அந்தப் பையில்தான், அதை விட்டுவைத்து என்ன பயன் என்பது அவர் வாதம். "கல்லை மட்டும் எடுத்துட்டு பையை விட்டுடக் கூடாதா சார்?" என்பவர்களுக்கு இன்றைக்கும் பதில் அதுவே. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டும். பை இல்லாமல் நன்றாகவே வாழலாம்.

லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, 1985 செப்டம்பரில். அடுத்த ஆண்டு அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் அதைச் சொன்னபோது கேலிதான் மிஞ்சியது. 1992-இல் அதே ஜெர்மன் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. இடையில் 1987-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ கேமராவோடு செய்தார். இந்தியாவுக்கு 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உட்வாடியா கொண்டுவந்தார். இன்று சென்னை அரசு மருத்துவமனைகளிலும் இது அன்றாட ஆபரேஷன்.

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. லேப்ராஸ்கோபி பரவிய தொடக்க ஆண்டுகளில் பித்தநாளக் காயங்கள் அதிகரித்தன. பித்தநாளம், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பொதுக்குழாய், சாதாரணமாக ஆறு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். பித்தப்பையின் சொந்தக் குழாய் அதில் வந்து சேர்கிறது. வீக்கத்தில் இரண்டும் ஒட்டிக்கிடந்தால் பெரியதைச் சின்னது என்று நினைத்து வெட்டிவிட வாய்ப்பு உண்டு. வெட்டுப்பட்டால் குடலை மேலே இழுத்துப் பித்தநாளத்தோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன் வரை போகும்.

இந்தக் காயத்தைத் தவிர்க்க 1995-இல் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்டிராஸ்பெர்க் தந்த விதியைத்தான் நான் மிகப் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். புதுக் கருவி ஏதுமில்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு, அவ்வளவுதான். பையின் கழுத்தருகே உள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பு, நார் எல்லாம் விலக வேண்டும். பையின் கீழ்ப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்து பின்னால் கல்லீரல் தெரிய வேண்டும். பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு ரத்தநாளம், இரண்டே இரண்டுதான் என்று திரையில் தெளிய வேண்டும். இந்த மூன்றும் தெரிந்த பிறகே குழாயை இறுக்கி மூடும் கிளிப், அதன் பிறகே கத்தரி. தியேட்டரில் அந்த நொடியில் நிறுத்தி, கேமரா பிடிக்கும் ஜூனியரை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காட்டச் சொல்வேன். உதவிக்கு நிற்பவரும் "தெரியுது சார்" என்று சொல்ல வேண்டும். தெரியவில்லையா? சீனியரைக் கூப்பிடலாம், பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியை எடுக்கலாம், ஓபனுக்கு மாறலாம். மாறினால் தழும்பு நீளும், வலி கூடும், வீட்டுக்குப் போகச் சில நாள் தள்ளும். பித்தநாளம் பிழைக்கும்.

பை ஏன் இப்படி ஒட்டிப்போகிறது? பெரும்பாலும் தாமதத்தால். பிரியாணி சாப்பிட்ட இரவு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும் வலியை 'வாயு' என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சே சிறுநீரகக் கல்லைப் பற்றியது, பித்தப்பைக் கல் வேறு வகை. கண் மஞ்சளாகும்போது கீழாநெல்லிக்கு ஓடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கல் நாளத்தை அடைத்து வந்த காமாலை என்றால், அடைப்பை நீக்காமல் எந்த மருந்தும் பலிக்காது. கூடவே குளிர்க்காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இன்னொன்று: மாஸ்டர் செக்கப் ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்து, தொந்தரவே இல்லையென்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவையில்லை. அவசரப்பட்டுத் தேதி வாங்க வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களுக்கு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணோ சிறுநீரோ மஞ்சளானாலோ, அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்காமல் உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.