சொல் விளக்கம்: சுனாமி – ஆழிப்பேரலை

ஜப்பானிய மொழியில் ‘சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. நடுக்கடலில் தம் படகுக்கு அடியில் அது கடந்து போனதை உணராத மீனவர், கரை திரும்பியபோது துறைமுகம் சிதைந்து கிடக்கக் கண்டதால் இப்பெயர் வந்தது என்பர். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்து, குமரி மாவட்டத்துக் குளச்சலில் பேருயிரிழப்பு நேர்ந்தபின், கேரள எல்லையிலுள்ள நீரோடி வரை இச்சொல்லை அறியாத வீடில்லை.

சுனாமியை வழக்கமான அலையின் பெரிய வடிவம் என்று கொள்வது பிழை. காற்று எழுப்பும் அலை, தன் நீளத்தில் பாதியளவு ஆழத்துக்குக் கீழே நீரை அசைப்பதே இல்லை. அடுத்தடுத்த முகடுகள் சில நொடி இடைவெளியில் வந்து உடைந்து திரும்பிவிடுகின்றன. சுனாமியிலோ, கடல்தளமே திடீரென உயர்ந்தோ தாழ்ந்தோ மேலுள்ள நீர் முழுவதையும் பெயர்த்துவிடுவதால், அடி முதல் மேற்பரப்பு வரை எல்லா நீரும் நகர்கிறது. 4,000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போதும் அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரை எட்டாது. ஆழம் குறையும் கரையருகே முன்செல்லும் நீர் வேகம் தளர, பின்வரும் நீர் நெருங்கிக் குவிந்து உயர்கிறது. முகடுகளுக்கிடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதால், ஊருக்குள் ஏறிய நீர் உடனே வடிவதில்லை.

சுனாமிக்கு ஈடாகச் சொல்லப்படும் ‘கடற்கோள்’ பழைய, அழகான சொல். ‘குமரிக்கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்பது சிலப்பதிகாரம். ஆயினும் அது கடல் நிலத்தைக் கொண்டுவிட்ட விளைவையே குறிக்கும். புயலாலும் அது நேரலாம். ‘பேரலை’ என்று மட்டும் எழுதினால் உயரம்தான் மனத்தில் நிற்கும். ‘ஆழ்’ என்னும் வேரிலிருந்து பிறந்த ‘ஆழி’ முன்னே சேரும்போது, அடியாழம் வரை நகரும் நீரையும் அச்சொல் உணர்த்துகிறது. ஆகவே ‘ஆழிப்பேரலை’ என முழுமையாக எழுதுவதே தகும்.

ஏப்ரல், மே மாதங்களில், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும், வள்ளங்களை ஏற்றிவைத்த மணல்மேட்டைத் தாண்டித் தண்ணீர் தெருவுக்குள் புகுவதுண்டு. இதையும் சிலர் சுனாமி என்றே சொல்லிவிடுகிறார்கள். தெற்கே வெகுதொலைவில் புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள் வந்து மோதுவது இது. நிலநடுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கேரளக் கரை மீனவர் இதற்கு இட்ட பெயர் ‘கள்ளக்கடல்’. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமும் அப்பெயரிலேயே எச்சரிக்கை விடுக்கிறது. கள்ளம், கடல் இரண்டும் தமிழிலும் வழங்குபவை என்பதால், இதற்கு வேறு மொழிபெயர்ப்புத் தேட வேண்டியதில்லை.